பழுதுற்ற நிரற்றொகுதியைப் பேணுமாறு

கணினித் தொழிலிற் புகும் நம் மாணவர், புதிய நிரல் எழுதுவதினும் பிறர் எழுதிவைத்ததைப் பேணுவதிலேயே பெரும்பொழுதைக் கழிப்பர். அது குழம்பிக் கிடப்பின், முழுவதையும் நீக்கி மீள எழுதுவோம் என்னும் அவா எழுதல் இயல்பே. நெற்ஸ்கேப் நிறுவனத்தார் 1998இல் தம் உலாவிக்கு அவ்வாறே செய்யத் துணிந்தனர். ஐந்தாம் பதிப்பு வெளிவரவேயில்லை. ஆறாவது 2000 நவம்பரிலேதான் வந்தது. அதற்குள், வின்டோசுடன் விலையின்றிக் கிடைத்த மைக்ரோசொவ்ற் உலாவி சந்தையைக் கைக்கொண்டுவிட்டது. பழைய நிரலில் அருவருப்பாய்த் தோன்றும் வரிகளுட் பல, என்றோ கண்ட பிழைக்கு இட்ட மருந்துகளாம். அவற்றை எழுதியவரை வைதல் எளிது. அவருக்கு வாய்த்த தவணை எத்துணைக் குறுகியதோ, நாம் அறியோம்.

ஆயின் செய்யத்தக்கது யாது? மைக்கேல் பெதர்ஸ் என்பார் 2004இல் வெளியிட்ட நூலிற் காட்டும் வழி நமக்கு ஏற்புடையது. மாற்றவேண்டிய பகுதிக்கு முதலிற் சோதனைகள் எழுதுக. நிரல் செய்யவேண்டியதை அன்று, இப்பொழுது செய்வதையே, அது பிழையாயினும், அவை பதிவுசெய்தல் வேண்டும். பின்னர்ச் சிறிது சிறிதாக அமைப்பைச் சீராக்கி, ஒவ்வொரு முறையும் சோதனைகளை ஓட்டுக. ஒன்று தவறின், நாம் கருதாத மாற்றம் நிகழ்ந்தமை உடனே புலனாகும். சீராக்கலையும் பிழைதிருத்தலையும் ஒருங்கே செய்யற்க; செய்யின், புதிய கோளாறு எதனால் விளைந்ததெனப் பிரித்தறிதல் அரிதாம்.