மேகம் தொடும் ரிட்டிகல மலை

இலங்கையின் வடமத்திய மாகாணம் உலர் வலயத்தைச் சேர்ந்தது. ஆண்டின் பல மாதங்கள் அங்கு மழை அரிது. ஆயினும் அச்சமவெளியில், ஹபரணைக்கும் அநுராதபுரத்துக்கும் இடையே, உச்சியில் மட்டும் ஈரக்காட்டைச் சுமந்து நிற்கும் ஒரு மலை உண்டு. அதுவே ரிட்டிகல. அதன் உயரம் 766 மீற்றர்.

அடிவாரத்திலிருந்து ஏறுவோம். முதலில் கற்படிகள் சூழ்ந்த பழங்குளம் ஒன்றைக் காண்கிறோம். அதற்கப்பால் கல் பதித்த பாதை மரங்களினூடே மேலே செல்கிறது. ஆங்காங்கே இரண்டிரண்டாக அமைந்த கல்மேடைகளும் அவற்றை இணைக்கும் கற்பாலங்களும் உள்ளன. 9ஆம் நூற்றாண்டில் முதலாம் சேனன் என்னும் மன்னன் பௌத்தத் துறவியருக்காக அமைத்த மடத்தின் எச்சங்கள் இவை. குகைகளிலுள்ள பிராமிக் கல்வெட்டுகள் இவற்றினும் பழையவை. இக்காட்டில் யானையும் சிறுத்தையும் கரடியும் வாழ்வதால், பாதையை விட்டு விலகாது அமைதியாகச் செல்லுதல் வேண்டும்.

இடிபாடுகளைப் பார்க்கலாம், ஆனால் நினைத்தவாறு உச்சிக்கு ஏற முடியாது. 1941இல் இம்மலை கடும் பாதுகாப்புக்குரிய இயற்கை ஒதுக்கிடமாக்கப்பட்டது. உச்சியில் அப்படி என்ன இருக்கிறது?

காற்றடைத்த சைக்கிள் சக்கரத்தின் வால்வைச் சற்றுத் திறந்து, விரலை அருகே வைத்துப் பாருங்கள். வெளிவரும் காற்று குளிர்ந்திருக்கும். விரியும் காற்று, சூழவுள்ள காற்றைத் தள்ளி வேலை செய்கிறது. அதற்கு வேண்டிய சக்தியைத் தன் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மலையில் மோதி மேலெழும் காற்றுக்கும் இதுவே நிகழ்கிறது. மேலே செல்லச் செல்ல அமுக்கம் குறைவதால் அது விரிந்து, 100 மீற்றருக்கு ஏறத்தாழ 1 பாகை செல்சியசு வீதம் குளிர்கிறது. போதிய அளவு குளிர்ந்ததும் அதிலுள்ள நீராவி ஒடுங்கி மூடுபனியாகிறது. கீழே நிலம் வறண்டிருக்கையிலும் உச்சியில் ஈரம் நிலைப்பது இதனாலேயே. சமவெளியில் வாழ முடியாத செடிகளுக்கு அவ்வுச்சி ஒரு தீவு.

இனி ஒரு கணக்கு. முகில் உருவாகும்போது மறைவெப்பம் வெளிப்படுவது போன்ற காரணங்களால், வளிமண்டலத்தின் சராசரிக் குளிர்ச்சி மேலே கூறியதிலும் குறைவு. 1000 மீற்றருக்கு 6.5 பாகை. அதாவது, 1 பாகைக்குச் சுமார் 150 மீற்றர். புவியின் வெப்பநிலை 1 பாகை உயர்ந்தால், முன்பிருந்த அதே குளிர்ச்சியைப் பெற ஒரு செடி 150 மீற்றர் மேலே குடிபெயர வேண்டும். உயர்ந்த மலைத்தொடரில் தலைமுறை தலைமுறையாக விதைகள் மேலேறக்கூடும். ரிட்டிகல உச்சியில் வாழும் செடிக்கோ மேலே வானம் மட்டுமே உண்டு. சுற்றிலும் உலர்ந்த சமவெளி.

மடத்தின் கற்கள் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்துவிட்டன. சரிந்த கல்லை மீண்டும் நிறுத்தலாம். அழிந்த செடியினத்தை அவ்வாறு நிறுத்த இயலாது. அவ்வுச்சியைக் காலடி படாது காப்பதன் பொருள் இதுவே.

பயிற்சி: சமவெளியிலிருந்து ரிட்டிகல ஏறத்தாழ 600 மீற்றர் எழுகிறது. வெப்பநிலை 2 பாகை உயர்ந்தால், அடிவாரத்தின் பழைய வெப்பநிலை மலையில் எவ்வளவு உயரத்தில் நிலவும்? கணக்கிட்டுப் பாருங்கள்.