பிளகின் திரும்பக் கிடைக்கும், அடுக்கு கிடைக்காது

சிஸ்டம் இழுக்கிறது, விண்டோஸ் புதிதாகப் போட்டுக் கொடுங்கள் என்று சென்னை ரிச்சி தெருவில் லேப்டாப்பை நீட்டினால் கடைக்காரர் கேட்பது ஒரே கேள்விதான்: "டி டிரைவைத் தொட மாட்டேன் தம்பி. சி டிரைவுல ஏதாவது வேணுமா?" பாட்டு, சாம்பிள், எடுத்து வைத்த வாய்ஸ் எல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருக்கிற தெம்பில், "ஒண்ணும் வேணாம்ணா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள்தான் அதிகம். வீட்டுக்கு வந்து எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளைத் திறந்தால் பாட்டெல்லாம் அப்படியே இருக்கும். பிளகின்களையும் மறுபடி இறக்கிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் எந்த ஈக்யூ எங்கே, குரலுக்கு எந்த ரிவர்ப், டோலக்குக்கு எந்த கம்ப்ரஸர் என்று வருடக்கணக்கில் நகர்த்தி நகர்த்தி வைத்த வரிசை போயிருக்கும். அது இருந்தது சி டிரைவில், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள்.

இது ஏதோ ஒழுங்குப் பிரியர்களின் கவலை என்று நினைக்க வேண்டாம். சம்பாத்தியத்தில் நேராகக் கை வைக்கிற விஷயம். கொடுங்கையூர் முத்தமிழ் நகர், கண்ணதாசன் நகர் தொடங்கி வியாசர்பாடி, தண்டையார்பேட்டை வரை ஒரு லேப்டாப், ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், கம்பளி தொங்கவிட்ட ஒரு மூலை என்று ஓடுகிற அறைகளுக்கு வருவது பெரும்பாலும் அவசர வேலை. அண்ணனுக்குப் பிறந்தநாள் கானா வேண்டும், நாளைக்கு. நண்பனின் நினைவு நாளுக்கு அஞ்சலிப் பாட்டு வேண்டும், இன்றைக்கு ராத்திரிக்குள். பாடுகிறவர் நாலு பேரைக் கூட்டிவந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்திருப்பார். நீங்கள் முந்நூறு பெயர் உள்ள மெனுவை மேலும் கீழும் உருட்டுகிற ஒவ்வொரு நொடியையும் அவர்கள் பார்க்கிறார்கள். "இவருக்கு வேலை தெரியுமா?" என்ற சந்தேகம் முளைக்கிற இடம் அதுதான். அடுத்த பாட்டு வேறு அறைக்குப் போகும்.

வேலையின் வகையும் பெருகிவிட்டது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியபோது கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில் நின்றன. அதற்குப் பிறகு டோலக்கோடும் சட்டியோடும் மட்டும் வருகிற கானா குறைவு. காலையில் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஆம்ப் பிளகின் தேட வேண்டும். மதியம் ராப் குரலுக்கு ட்யூனிங். ராத்திரி பறையின் அடிச்சத்தம் ஸ்பீக்கரைக் கிழிக்காமல் அடக்க ஒரு லிமிட்டர்.

ஆக, முதல் வேலை அடுக்குவது. மென்பொருள் பல சமயம் தானாகக் காட்டுவது நிறுவனப் பெயர் வரிசை. அது விற்கிறவனுக்கு வசதி. வேலை செய்கிறவனுக்கு வேண்டியது வேலை வரிசை: குரல், தோல் கருவி, பேஸ், இடம் தருகிற ரிவர்ப்-டிலே, கடைசி மாஸ்டர். ஃபோல்டர் பெயரின் முன்னால் 01, 02 என்று எண் போட்டால் எந்த மென்பொருளிலும் வரிசை மாறாது. பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது. தமிழ் எழுத்துள்ள பாதையில் சில பழைய பிளகின்கள் திணறும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் நாலைந்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. பதினேழு கம்ப்ரஸர்களை அழகாக அடுக்கி வைப்பதும் ஒருவகைக் குப்பைமேடுதான், அதில் எங்கள் கொடுங்கையூருக்கு ஏற்கெனவே போதுமான பெயர் இருக்கிறது.

இனி அந்த அடுக்கு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்போம். வடசென்னை அறைகளில் அதிகம் கண்ணில் படுவது எஃப்எல் ஸ்டூடியோ. அதனால் அதையே கொஞ்சம் விரிவாக. டாக்குமென்ட்ஸுக்குள் இமேஜ்-லைன், அதற்குள் எஃப்எல் ஸ்டூடியோ, அதற்குள் பிரீசெட்ஸ், அதற்குள் பிளகின் டேட்டாபேஸ். திறந்தால் மூன்று ஃபோல்டர்: எஃபெக்ட்ஸ், ஜெனரேட்டர்ஸ், இன்ஸ்டால்டு. இன்ஸ்டால்டு என்பது மென்பொருள் ஸ்கேன் செய்து தானே எழுதிக்கொண்ட பட்டியல்; அது போனாலும் திரும்ப வரும். மற்ற இரண்டும்தான் நீங்கள் கட்டியவை. உள்ளே ஒவ்வொரு பிளகினுக்கும் எஃப்எஸ்டி என்று ஒரு ஃபைல், என்எஃப்ஓ என்று ஒரு ஃபைல், சிலவற்றுக்குப் படமும் இருக்கும். அந்த என்எஃப்ஓ ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். பிளகின் பெயர், தயாரித்த நிறுவனம், அது கம்ப்யூட்டரில் இருக்கிற பாதை எல்லாம் வெறும் எழுத்தாக இருக்கும். முழு ரகசியமும் அந்தப் பாதையில்தான். பழைய கம்ப்யூட்டரில் சி டிரைவில் இருந்த பிளகினைப் புதியதில் டி டிரைவில் போட்டால், அடுக்கு வந்துவிடும், ஆனால் இழுத்துப் போடும்போது பிளகின் திறக்காமல் போகலாம்.

மாற்றும் முறை இது. பிளகின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அப்படியே ஜிப் செய்து வெளியே எடுத்துவிடுங்கள். புது சிஸ்டத்தில் எஃப்எல் போட்டு ஒருமுறை திறந்து மூடுங்கள். பிளகின்களைப் பழைய அதே இடங்களில் நிறுவுங்கள்; விஎஸ்டி3 என்றால் விண்டோஸில் புரோகிராம் ஃபைல்ஸ், காமன் ஃபைல்ஸ், விஎஸ்டி3 என்ற பொது இடத்துக்கே போகும், குழப்பம் குறைவு. பிளகின் மேனேஜரில் ஸ்கேன் ஓட்டுங்கள். அது முடிந்ததும் எஃப்எல்லை மூடிவிட்டு, பழைய எஃபெக்ட்ஸ், ஜெனரேட்டர்ஸ் இரண்டையும் ஒட்டுங்கள். இன்ஸ்டால்டு மட்டும் புதியதாகவே இருக்கட்டும்.

ரிச்சி தெருக் கேள்விக்கு நிரந்தரமான பதிலும் உண்டு. ஆப்ஷன்ஸ் மெனுவின் ஃபைல் செட்டிங்ஸில் யூசர் டேட்டா ஃபோல்டர் என்று ஓர் இடம் இருக்கும். அதை டி டிரைவுக்கு மாற்றிவிட்டால் அடுத்த ஃபார்மட்டில் அடுக்கு தொலையாது. அங்கேயே இன்னொன்றையும் பாருங்கள்: புது விண்டோஸ் பல சமயம் டாக்குமென்ட்ஸை ஒன்டிரைவுக்குள் இழுத்துக்கொள்கிறது. இலவசமாகத் தருவது 5 ஜிபி; நிறைந்ததும் பேக்கப் நின்றுவிடும். நீங்கள் பத்திரம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ரீப்பர் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். ஆப்ஷன்ஸ் மெனுவில் ரிசோர்ஸ் பாத் என்பதைத் தட்டினால் எல்லாம் இருக்கிற ஃபோல்டர் திறக்கும். உங்கள் ஃபோல்டர் அடுக்கு 'ரீப்பர்-எஃப்எக்ஸ்ஃபோல்டர்ஸ்' என்ற ஐஎன்ஐ ஃபைலிலும், குறிச்சொற்கள் 'ரீப்பர்-எஃப்எக்ஸ்டேக்ஸ்' என்ற ஐஎன்ஐ ஃபைலிலும் இருக்கும். பிரிஃபரன்ஸில் எக்ஸ்போர்ட் கான்ஃபிகரேஷன் கொடுத்தால் மொத்த அமைப்பும் ஒரே ஃபைலாக வரும். போர்ட்டபிள் முறையில் நிறுவினால் மென்பொருளையே பென் டிரைவில் எடுத்துப் போகலாம். சின்ன வருமானக்காரர்களுக்கு லைசென்ஸ் 60 டாலர்தான். கானா புரோகிராமர்கள் இதை ஏன் இன்னும் பெரிதாகத் தொடவில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

மேக்கில் லாஜிக் வைத்திருந்தால் பிளகின் மேனேஜரில் நீங்கள் போட்ட பிரிவுகள் மியூசிக் ஃபோல்டருக்குள் ஆடியோ மியூசிக் ஆப்ஸ், அதற்குள் டேட்டாபேஸஸ், அதற்குள் டேக்ஸ் என்ற இடத்தில் இருக்கும். ஆடியோ மியூசிக் ஆப்ஸ் ஃபோல்டரையே முழுதாகக் காப்பி எடுங்கள், சேனல் ஸ்ட்ரிப் அமைப்புகளும் கூடவே வந்துவிடும். ஏபில்டனில் எனக்குப் பிடித்த வழி வேறு: அடிக்கடி எடுக்கிற பிளகினை ஒரு ரேக்குக்குள் போட்டு, உங்கள் அளவுகளோடு யூசர் லைப்ரரியில் நீங்களே வைத்த ஃபோல்டரில் சேமித்துவிடுவது. யூசர் லைப்ரரி என்பது சாதாரண ஃபோல்டர். தூக்கினால் கூடவே வரும்.

விண்டோஸிலிருந்து மேக்குக்குத் தாவுகிறவர்கள் மட்டும் அடுக்கு தானாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பாதையும் வேறு, ஃபைல் வகையும் வேறு. அங்கே கைவசம் இருக்க வேண்டியது ஒரு பட்டியல். ஒவ்வொரு ஃபோல்டரையும் விரித்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டால் போதும், ஒரு மாலையில் மறுபடி கட்டிவிடலாம். ஒரே பிளகினின் விஎஸ்டி2 வடிவமும் விஎஸ்டி3 வடிவமும் மென்பொருளுக்கு இரண்டு தனித்தனி ஆட்கள் என்பதையும் மறக்க வேண்டாம். விஎஸ்டியை 1996-இல் கொண்டுவந்த ஸ்டைன்பெர்க்கே 2022-இல் விஎஸ்டி2-ஐப் படிப்படியாக நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டது. இப்போது அடுக்குகிறவர்கள் விஎஸ்டி3-ஐயே எடுத்து அடுக்குங்கள்.

அடுக்கைக் காப்பாற்றியாகிவிட்டது, பூட்டுக்குச் சாவி இருக்கிறதா? ஃபார்மட் அடிப்பதற்கு முன்பு லைசென்ஸைக் கழற்ற வேண்டும், பின்பு அல்ல. ஐலாக் என்றால் அதன் லைசென்ஸ் மேனேஜரில் கம்ப்யூட்டரிலிருந்து டீஆக்டிவேட். வேவ்ஸ் என்றால் வேவ்ஸ் சென்ட்ரலில் லைசென்ஸை கிளவுடுக்கோ சாதாரண யுஎஸ்பி டிரைவுக்கோ நகர்த்தலாம். பழைய க்யூபேஸ் வைத்திருந்தவர்களின் இ-லைசென்ஸர் சேவை 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அதன் பழைய டாங்கிளை நம்பி புது சிஸ்டம் கட்டாதீர்கள். எந்த மெயில் ஐடியில் எதை வாங்கினோம் என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பது அசட்டுத்தனமாகத் தெரியும், ஆனால் கணக்கு வாங்கித் தந்த நண்பனின் மெயில் ஐடியில் லைசென்ஸ் கிடக்கிற அறைகள் நிறைய.

கிராக் பற்றி ஒரு வார்த்தை. நியாயம் பேச வரவில்லை, தொழில் கணக்குதான். கிராக் போட்ட பிளகினை நம்பி அடுக்கிய அடுக்கு இடம் மாறாது. அந்த இன்ஸ்டாலர் லிங்க் இன்றைக்கு இருக்காது, ஆன்டிவைரஸ் பாதியைத் தின்றிருக்கும், வேறு வெர்ஷனைப் போட்டால் பழைய புராஜெக்ட் திறக்காது. வைட்டல், வல்ஹாலா சூப்பர்மாசிவ், டிடிஆர் நோவா போன்றவை இலவசமாகவே கிடைக்கும்போது, குறைந்தபட்சம் அன்றாடம் கை போகிற முதல் வரிசையையாவது இவற்றால் நிரப்பலாம்.

பேக்கப்பை எங்கே வைப்பது என்பதில் எங்கள் ஊர்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொடுங்கையூரிலும் வியாசர்பாடியிலும் வீடுகளுக்குள் வந்து நின்றது. லேப்டாப் மேஜை மேல், ஹார்ட் டிஸ்க் அதே மேஜையின் டிராயரில் என்றால் இரண்டும் ஒரே தண்ணீரில் போகும். புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 என்ற கணக்கு இதற்கு நன்றாகப் பொருந்தும்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். ரெக்கார்டிங் ஃபைல்களுக்கு இது செலவு பிடிக்கும். பிளகின் அடுக்கோ சின்னது. கூகுள் டிரைவின் இலவச 15 ஜிபியில் ஓர் ஓரத்தில் அடங்கிவிடும். டெலிகிராமில் உங்களுக்கே அனுப்பிக்கொண்டாலும் சரி. ஜிப் பெயரில் தேதியைப் போடுங்கள். பழையதை உடனே அழிக்க வேண்டாம்; கெட்டுப்போன அடுக்கை நல்லதின் மேலேயே எழுதிவிட்டுத் தவிப்பவர்களும் உண்டு. கூடவே நீங்கள் உருவாக்கிய பிரீசெட்டுகளையும் சேருங்கள். சீரம் போன்ற சின்த் பிளகின்கள் அவற்றை டாக்குமென்ட்ஸுக்குள் தனித்தனி ஃபோல்டரில் வைக்கும், அடுக்கோடு ஒட்டி வராது.

பேக்கப் எடுத்த அன்றே அதைச் சோதித்துவிட வேண்டும். பக்கத்துத் தெருவில் அதே மென்பொருள் வைத்திருக்கிற ஒருவரின் சிஸ்டத்தில், அவருடைய டேட்டாபேஸை முதலில் வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு, உங்களுடையதை ஒட்டித் திறந்து பாருங்கள். ஃபோல்டர்கள் வரிசையாக வந்து, இரண்டு பேருக்கும் பொதுவான பிளகின் ஒன்று திறந்தால் போதும். பிறகு அவருடையதை மறக்காமல் திருப்பி வைத்துவிடுங்கள், நட்பு முக்கியம்.

சினிமா வேலை கிடைத்து சாலிகிராமத்திலோ வடபழனியிலோ ஒரு ஸ்டூடியோவுக்குப் போகும்போது கதை கொஞ்சம் மாறும். அந்த சிஸ்டத்தில் உங்கள் அடுக்கை ஏற்ற யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. அங்கே கொண்டுபோக வேண்டியது ஸ்டெம்ஸ். ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்கும்படி 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைலாக பவுன்ஸ் செய்யுங்கள். குரலை மட்டும் இரண்டு விதமாக எடுங்கள்: எஃபெக்ட் போட்டது ஒன்று, வெறும் குரல் ஒன்று. ஃபைல் பெயரில் டெம்போவையும் சுருதியையும் எழுதுங்கள். நீங்களே உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்றால், முந்தின நாளே அங்குள்ள இன்ஜினியரைக் கூப்பிட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: என்ன மென்பொருள், என்ன வெர்ஷன், மேக்கா விண்டோஸா. சொந்த லேப்டாப்பில் இருந்தே வாசிப்பதாக இருந்தால் நாலாவதாக ஒன்றும் உண்டு, அவர்களுடைய இன்டர்ஃபேஸுக்கு என்ன கேபிள் என்று. யுஎஸ்பி-சி கன்வெர்ட்டர் தேடி ஆற்காடு ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்குகிற நேரத்துக்கு யாரும் காசு தரப்போவதில்லை.