நிலம் ஆடினாலும் வீடு நிற்கட்டும்



குன்னத்துகாலில் எங்கள் மாலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வெளியே நல்ல மழை. ஒரு பாட்டி பலகையைக் கீழே வைத்தார்.

"மக்களே, டிவியில பூகம்பம் காட்டினாங்க. வீடெல்லாம் விழுந்து கிடந்துது. அன்னைக்கு ராத்திரி எனக்கு உறக்கம் வரல்ல. எங்க வீடு பழைய மண்சுவர் வீடு. சுவருல ஒரு வெடிப்பும் இருக்கு. அந்தச் சுவர் மேலேயே கான்கிரீட் போட்டு மாடி அறை கட்டணும்னு மகன் சொல்லுதான். கட்டலாமா?" என்று கேட்டார்.

ரப்பர் வெட்டும் அண்ணன் சிரித்தார். "நம்ம ஊருல பூமி ஆடவா போகுது, பாட்டி?"

"கில்லாரி என்ற ஊரைப் பற்றியும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள், அண்ணா" என்றேன்.

அன்று நாங்கள் கில்லாரியின் கதையைப் படித்தோம். நீங்களும் படியுங்கள்.

1. அந்த விடியற்காலை

கில்லாரி மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ளது. லாத்தூர் மாவட்டத்துக் கிராமம். அங்கே கரிசல் நிலம். சோளமும் பருப்பும் விளையும். மக்கள் பெரும்பாலும் விவசாயிகள்.

1993 செப்டம்பர் 30. பிள்ளையார் சிலைகளை நீரில் கரைக்கும் திருநாளை ஒட்டிய இரவு அது. மக்கள் விழா முடிந்து வீடு திரும்பினார்கள். களைத்து உறங்கினார்கள்.

விடியற்காலை மணி 3.56. நிலம் ஆடியது. நில நடுக்கத்தின் அளவு 6.2. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஊர் இருந்த இடத்தில் கற்குவியல்தான் இருந்தது.

லாத்தூர், உஸ்மானாபாத் ஆகிய இரண்டு மாவட்டங்களில்தான் சேதம் மிக அதிகம். உஸ்மானாபாத் இன்று தாராசிவ் என்று அழைக்கப்படுகிறது. சுமார் 10,000 பேர் இறந்தார்கள். சுமார் 30,000 பேர் காயம் அடைந்தார்கள். 52 கிராமங்கள் அடியோடு அழிந்தன.

2. ஏன் இத்தனை பேர் இறந்தார்கள்?

6.2 என்பது உலகிலேயே பெரிய நில நடுக்கம் அல்ல. இதைவிடப் பெரிய நடுக்கங்களில் குறைவான பேர் இறந்திருக்கிறார்கள். அப்படியானால் கில்லாரியில் ஏன் இத்தனை சாவு?

விடை அந்த வீடுகளில் இருக்கிறது.

அங்கே சுவர்களைக் கல்லும் மண்ணும் கொண்டு கட்டினார்கள். சுவரின் கனம் இரண்டு அடி, மூன்று அடி. பார்த்தால் கோட்டைச் சுவர் போல இருக்கும். ஆனால் அது ஒரே சுவர் அல்ல. உள்பக்கம் ஒரு வரிசைக் கல். வெளிப்பக்கம் ஒரு வரிசைக் கல். நடுவிலே சில்லுக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பியிருந்தார்கள். இரண்டு வரிசைகளையும் சேர்த்துப் பிடிக்க ஒன்றும் இல்லை.

மேலே மரச்சட்டங்கள். சட்டங்களின்மேல் பலகை. பலகையின்மேல் ஓர் அடி, இரண்டு அடி கனத்துக்கு மண். வெயில் காலத்தில் வீடு குளிர்ச்சியாக இருக்கவே இப்படிக் கட்டினார்கள்.

நிலம் ஆடியபோது என்ன நடந்தது? சுவரின் இரண்டு வரிசைகளும் பிரிந்து சரிந்தன. கூரையின் மண் எல்லாம் உறங்கியவர்கள்மேல் விழுந்தது. தெருக்களும் குறுகலானவை. வெளியே ஓடியவர்கள்மேல் எதிர்வீட்டுச் சுவர் விழுந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே ஊர்களில் ஏழைகளின் கூரைக் குடிசைகளும் இருந்தன. அவற்றில் பல விழவில்லை. விழுந்தவையும் அதிகம் பேரைக் கொல்லவில்லை. காரணம், அவற்றின் பாரம் குறைவு.

நிலம் ஆடுவதை நாம் தடுக்க முடியாது. ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் நிலம் அல்ல. நாம் கட்டிய சுவரும் கூரையும்தான். அவற்றை நாம் திருத்த முடியும்.

3. உதவி வந்தது

முதலில் கை கொடுத்தவர்கள் அக்கம்பக்கத்து ஊரார். வெறும் கையால் கல்லைப் புரட்டினார்கள். பிறகு இராணுவம் வந்தது. மருத்துவர்கள் வந்தார்கள். பல மாநிலங்களிலிருந்து தொண்டர்கள் வந்தார்கள்.

மழையும் வந்தது. கல்லும் மண்ணும் சேறாயின. மீட்புப் பணி கடினமானது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும் வழியை அடைத்தது. இறந்தவர்களை ஒவ்வொருவராக எரிக்க முடியவில்லை. இடிந்த வீட்டு மரங்களையே அடுக்கிப் பலரை ஒன்றாக எரித்தார்கள்.

அந்தத் துயரத்தில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஐந்து நாட்களுக்குப் பிறகு, இடிபாடுகளுக்குள்ளிருந்து ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றை இராணுவத்தினர் உயிரோடு எடுத்தார்கள். ஒரு கட்டில் அந்தக் குழந்தையைக் காத்திருந்தது.

4. மீண்டும் வீடு

அழிந்த 52 கிராமங்களையும் அரசு வேறு இடங்களில் புதிதாகக் கட்டியது. உலக வங்கி கடன் கொடுத்தது. தொண்டு நிறுவனங்களும் வீடு கட்டின.

புதிய ஊர்களில் நேரான, அகலமான தெருக்கள். வீட்டின் அளவு நிலத்தைப் பொறுத்தது. நிலம் இல்லாதவர்களுக்கு 250 சதுர அடி வீடு. நிலம் அதிகம் உள்ளவர்களுக்கு 750 சதுர அடி வீடு. வீடு உறுதியாக இருந்தது. ஆனால் வயல் தூரமாகிவிட்டது என்று சிலர் வருந்தினார்கள். பழைய அண்டைவீட்டார் பிரிந்துவிட்டார்கள் என்றும் சிலர் வருந்தினார்கள்.

வேறு பல கிராமங்களில் வீடுகள் முழுதும் விழவில்லை. வெடித்துச் சேதப்பட்டன. இப்படிப்பட்ட வீடுகள் சுமார் 2 லட்சம். அவற்றை உடையவர்களே பழுது பார்க்க வேண்டும். அரசு பணத்தைத் தவணையாகக் கொடுத்தது. வேலை நடந்த அளவைப் பார்த்து அடுத்த தவணை வந்தது.

பழைய சுவரை எப்படி உறுதியாக்கினார்கள்? சுவரில் ஆங்காங்கே இரு பக்கமும் திறந்த துளை போட்டார்கள். அதில் கம்பி வைத்துக் கான்கிரீட் நிரப்பினார்கள். இரண்டு கல் வரிசைகளும் சேர்ந்து நின்றன. சுவரைச் சுற்றிக் கம்பி வலை அடித்துச் சிமெண்ட் பூசினார்கள். கூரையில் இருந்த மண்ணின் கனத்தைக் குறைத்தார்கள்.

5. படித்துச் சொன்ன பெண்கள்

பணம் உண்டு, திட்டம் உண்டு என்றால் போதுமா? எவ்வளவு பணம், எப்போது கிடைக்கும், எப்படிக் கட்ட வேண்டும் என்பது மக்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

இதற்காகக் கிராமந்தோறும் பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 'சம்வாத் சகாயக்' என்று அவர்களுக்குப் பெயர். பேசிப் புரியவைக்கும் உதவியாளர் என்று பொருள். சுவயம் சிக்ஷண் பிரயோக் என்ற அமைப்பு அவர்களுக்குத் துணை நின்றது.

இந்தப் பெண்கள் வீடு வீடாகச் சென்றார்கள். அரசு அறிவிப்பைப் படித்துச் சொன்னார்கள். கொத்தனாரின் வேலையைப் பார்த்தார்கள். சரியாக இல்லாவிட்டால் கேள்வி கேட்டார்கள். அதுவரை ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள் பலர் அவர்களில் இருந்தார்கள்.

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் பெரிய நில நடுக்கம் வந்தது. அப்போது லாத்தூர்ப் பெண்கள் அங்கே சென்றார்கள். தாங்கள் கற்றதை அங்குள்ள பெண்களுக்குச் சொன்னார்கள். உதவி பெற்றவர்கள் உதவி செய்பவர்கள் ஆனார்கள்.

6. நேபாளத்திலும் அதே கதை

நேபாளம் நம் வடக்கு எல்லையில் இமயமலையை ஒட்டிய நாடு. 2015 ஏப்ரல் 25 அன்று பகல் 11.56 மணிக்கு அங்கே நிலம் ஆடியது. அளவு 7.8. மே 12 அன்று மீண்டும் ஆடியது. அளவு 7.3. சுமார் 9,000 பேர் இறந்தார்கள். சிந்துபால்சோக் என்ற மலை மாவட்டத்தில்தான் சாவு மிக அதிகம்.

அங்கும் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகளே அதிகம் விழுந்தன. ஆனால் அது பகல் நேரம். கிராமத்தில் பலர் வயலில் இருந்தார்கள். அன்று சனிக்கிழமை. நேபாளத்தில் அது பள்ளி விடுமுறை நாள். பல பள்ளிக் கட்டடங்கள் இடிந்தன. உள்ளே பிள்ளைகள் இல்லை. இரவிலோ பள்ளி நாளிலோ வந்திருந்தால் இன்னும் எத்தனை உயிர் போயிருக்கும்!

நேபாள அரசும் வீடு கட்டப் பணத்தை மூன்று தவணையாகக் கொடுத்தது. மொத்தம் 3 லட்சம் நேபாள ரூபாய். பொறியாளர் வந்து பார்த்து, உறுதியாகக் கட்டியிருந்தால்தான் அடுத்த தவணை.

7. நம் ஊர் எப்படி?

பூமியின் மேல்பரப்பு பல பெரிய தட்டுகளாக உள்ளது. நாம் வாழும் தட்டு மெல்ல மெல்ல வடக்கே நகர்ந்து இமயமலைப் பகுதியை நெருக்குகிறது. அதனால் அங்கே பெரிய நடுக்கங்கள் வருகின்றன. தட்டின் நடுப்பகுதியிலும் பழைய வெடிப்புகள் உண்டு. எப்போதாவது அவை அசையும். கில்லாரியில் நடந்தது அதுதான்.

1993-இல் இருந்த அரசு வரைபடத்தில் கில்லாரி மிகக் குறைந்த ஆபத்துள்ள பகுதியாகவே இருந்தது. ஆனால் 1992-லேயே அங்கே சிறு சிறு நடுக்கங்கள் வந்தன. மக்கள் பயந்தார்கள். பிறகு பழகிப்போனார்கள்.

நம் பக்கமும் நிலம் ஆடியது உண்டு. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூரில் ஆடியது. அளவு சுமார் 6. 2000 டிசம்பர் 12 அன்று கோட்டயம், இடுக்கிப் பக்கம் ஆடியது. அளவு 5. வீடுகளில் வெடிப்பு விழுந்தது.

ஆகவே பயந்து நடுங்க வேண்டாம். நமக்கு வராது என்று இருந்துவிடவும் வேண்டாம்.

8. வீடு கட்டும்போது

எங்கள் வகுப்பில் ஒரு கொத்தனார் அண்ணன் உண்டு. அவர் சொன்னதைப் பலகையில் எழுதினோம்.

• கல் சுவரில் ஆங்காங்கே, சுவரின் முழு அகலத்துக்கும் எட்டுகிற நீளமான கல்லைக் குறுக்கே வைக்க வேண்டும்.

• கதவு, ஜன்னலுக்கு மேலே வீட்டைச் சுற்றிக் கம்பி போட்ட கான்கிரீட் பெல்ட் வேண்டும். ஓலைப்பெட்டியின் விளிம்பைச் சுற்றிக் கட்டுகிறோமே, அது போல. பெல்ட் எங்கும் அறுபடக்கூடாது.

• மூலையை ஒட்டிக் கதவோ ஜன்னலோ வைக்கக்கூடாது.

• பழைய மண்சுவரின்மேல் கான்கிரீட் பாரத்தை ஏற்றக்கூடாது.

9. நிலம் ஆடினால்

• உறுதியான மேசை அல்லது கட்டிலின் அடியில் போங்கள். தலையைக் கையால் மூடுங்கள்.

• மண்சுவர் வீட்டில் வாசல் அருகில் இருந்தால் உடனே வெட்டவெளிக்குப் போங்கள்.

• வெளியே இருந்தால் சுவர், மின்கம்பி ஆகியவற்றை விட்டு விலகி நில்லுங்கள்.

• ஆட்டம் நின்றதும் கேஸ் அடுப்பையும் மின்சாரத்தையும் அணையுங்கள்.

• வெடித்த வீட்டுக்குள் மீண்டும் போகாதீர்கள். சற்று நேரத்தில் மறுபடியும் ஆடலாம்.

• அவசர உதவிக்கு 112. மாவட்டப் பேரிடர் அறைக்கு 1077.

ரேஷன் அட்டை, ஆதார், கரம் கட்டிய ரசீது, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். வீடு சேதப்பட்டால் கிராம அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். உதவி பெறுவோர் பட்டியலில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

பாட்டியின் மனு

கொத்தனார் அண்ணன் மறுநாள் பாட்டியின் வீட்டுக்குப் போனார். வெடிப்பைப் பார்த்தார். "இந்தச் சுவர் ஓட்டைத் தாங்கும். மாடியைத் தாங்காது" என்று மகனிடம் சொன்னார். மகனுக்கு மனக்குறைதான். தனியாக அஸ்திவாரம் போட்டுப் பக்கத்தில் அறை கட்டச் செலவு கூடும். இப்போது கையில் பணம் இல்லை.

"பணம் சேரட்டும். அறை மெதுவா வரட்டும். பேரப்பிள்ளைகள் அதுக்கடியில படுத்து உறங்கணுமே" என்றார் பாட்டி.

அடுத்த வகுப்பில் பாட்டி ஒரு தாளைக் கொண்டுவந்தார். சுவரின் வெடிப்பை ஓவர்சியர் வந்து பார்க்க வேண்டும் என்று பஞ்சாயத்துக்கு எழுதிய மனு அது. நான்கு வரிகள். இரண்டு எழுத்துப் பிழைகள். திருத்தினோம். கீழே பாட்டி தன் பெயரைக் கையெழுத்தாக எழுதினார். கைநாட்டு வைக்கவில்லை.

புதிய சொற்கள்

இடிபாடு – இடிந்து விழுந்த கல்லும் மண்ணும்
தவணை – பணத்தைப் பல தடவையாகக் கொடுப்பது
அறிவிப்பு – எல்லாரும் அறியச் சொல்லும் செய்தி
பேரிடர் – பெரிய துன்பம்

கலந்து பேசுவோம்

1. கில்லாரியில் பெரிய கல்வீடுகள் விழுந்தன. குடிசைகள் பல நின்றன. ஏன்?
2. நிலத்தின் அளவைப் பார்த்து வீட்டின் அளவை முடிவு செய்தது சரியா? உங்கள் கருத்து என்ன?
3. உங்கள் வீட்டுச் சுவர் எதனால் கட்டியது? கூரை எது?

எழுதுவோம்

உங்கள் வீட்டில் வெடிப்பு உள்ள இடங்களைப் பார்த்துக் குறித்து வாருங்கள். அதைப் பற்றிப் பஞ்சாயத்துக்கு நான்கு வரியில் ஒரு மனு எழுதுங்கள். கீழே கையெழுத்துப் போடுங்கள்.