படகுக்கு முன்னால் படகுத்துறையைப் பாருங்கள்

மார்சிலிங் வீவக வீடுகளிலிருந்து கொஞ்சம் நடந்தால் உட்லண்ட்ஸ் வாட்டர்ஃபிரன்ட் பூங்காவின் படகுத்துறை வந்துவிடும். எதிரே ஜோகூர் பாரு, மேற்கே கடற்பாலம். 1924இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட அந்தப் பாலம் தூண்களின் மேல் நிற்பதல்ல. கடலுக்குள் கல்லைக் கொட்டி எழுப்பிய அணை அது. ஜோகூர் நீரிணையின் கிழக்குப் பாதிக்கு அங்கே முட்டுச்சந்து. ஓதம் ஏறி இறங்கும். ஆனால் நீர் ஊடுருவிப் போகாது. அதனால் வண்டல் தங்கும், கொட்டலசும் மட்டியும் செழித்து வளரும். சில கிலோமீட்டர் கிழக்கே, செம்பவாங்கில் இருக்கும் எஸ்ஏஎஃப் யாட் கிளப் போன்ற இடங்களில் பாய்மரம் பழகுகிறவர்களும் இதே நீரில்தான் இறங்குகிறார்கள்.

பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் முதலில் கேட்பது, “எந்தப் படகு பாதுகாப்பானது?” என்றுதான். துறையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் கால் வழுக்குவது துறையில்தான். விழுந்தவர் முதலில் தேடுவதும் அங்குள்ள ஏணியைத்தான்.

அந்த ஏணியைப் பாருங்கள். மேல்படிகள் பளபளவென்று இருக்கும். நீருக்குள் இருக்கும் கடைசி இரண்டு மூன்று படிகளில் கொட்டலசு அப்பிக்கிடக்கும். ஒவ்வொன்றின் விளிம்பும் பிளேடு மாதிரி. விழுந்தவர் பதற்றத்தில் அதைப் பிடிப்பார், உள்ளங்கை கிழியும், பிடி விட்டுப்போகும். ஏணி இருந்தும் பயனில்லை. மிதவை மேடையில் உள்ள ஏணி நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு மீட்டராவது இறங்கியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால், நனைந்த உடையோடு காலைத் தூக்கி வைக்க முடியாது. நிலைத்துறையில் இன்னும் கவனம் தேவை. இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே மூன்று மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். ஏற்றத்தில் பார்த்துத் திருப்திப்பட்ட ஏணி, வற்றத்தில் அந்தரத்தில் தொங்கலாம்.

ஆகவே சோதனையை உங்களுக்கு வசதியான சனிக்கிழமையில் வைக்காதீர்கள். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் நீர் நன்றாக வற்றும். அந்த வேளையில் டார்ச்சோடு இறங்குங்கள். தூண்களின் துரு, மிதவைகளை இணைக்கும் போல்ட், தேய்ந்த உருளைகள் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

ஏணியில் அப்பிய கொட்டலசைச் சுரண்டும்போது தடித்த கையுறை கட்டாயம். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ வகைக் கிருமிகள் வாழும். சிறு கீறல் வழியாகப் புகுந்தாலே கை வீங்கிச் சதை அழுகுமளவுக்குப் போகலாம். நீரிழிவு, ஈரல் நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். நம் வீடுகளில் சர்க்கரை நோய் சாதாரணம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கீறல் பட்டால் உடனே சோப்பும் நல்ல தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். சிவந்தோ வீங்கியோ வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சுரண்டியதைக் கடலில் தள்ளாமல் வாரிக் குப்பையில் போடுங்கள். இந்த நீரிணையில் அமெரிக்கக் கண்டத்துக் கடற்கரைகளைச் சேர்ந்த ஒரு மட்டி இனம் 2016 முதல் பரவிவருகிறது. அதை இன்னொரு துறைக்குக் கொண்டுபோகிறவர்களாக நாம் இருக்கக் கூடாது.

கயிறு விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கட்டுக்கயிற்றுக்கு நைலான் நல்லது. இழுபட்டுக் கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கும். விலை மலிவான பாலிபுரொப்பிலீன் வெயிலில் நொறுங்கிவிடும். கயிறு அறுவது பெரும்பாலும் மேடை விளிம்பில் உரசும் ஓரடி தூரத்தில்தான். அந்த இடத்தில் பழைய ரப்பர் குழாயைப் பிளந்து சுற்றுங்கள். என்ஜினில் பொருத்திய துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். அது கரையும்வரைதான் மற்ற உலோகம் பிழைக்கும்.

இனி நீரில். சுமத்ராப் புயற்காற்று பெரும்பாலும் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள் மேற்கிலிருந்து வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். கடற்பாலத்துப் பக்கம் வானம் கறுத்துத் திரண்டால் பாயை இறக்கிக் கரை சேருங்கள், பந்தயம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவென்றால் யாரும் நீரில் இருக்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே மறுபடி இறங்கலாம். காற்று தள்ளினால் வேறொரு சிக்கலும் உண்டு: நீரிணையின் நடுவே மலேசிய எல்லை ஓடுகிறது. துணைப்படகு இல்லாமல் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். அதை ஓட்டுபவரிடம் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் இருக்க வேண்டும். என்ஜினை நிறுத்தும் கயிறு அவர் உடம்போடு கட்டியிருக்க வேண்டும். படகு கவிழ்ந்தால் அதை விட்டு நீந்தக் கூடாது என்பதைப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

உயிர்காப்பு அங்கியை மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரிது. 50 நியூட்டன் அங்கி நீந்தத் தெரிந்தவருக்கான துணை மட்டுமே. மயங்கியவரின் முகத்தை அது மேலே திருப்பாது.

பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் மன்றத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: ஏணியின் கீழ்ப்படிகளைக் கடைசியாக எப்போது சுரண்டினீர்கள்? தேதியோடு பதில் வரவில்லையென்றால் பணத்தை அன்று கட்டாதீர்கள்.