தாகித்த கன்றுக்குத் தண்ணீர் கொடுத்தல்

கட்டைபறிச்சான் கமக்காரர்களே! உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர்விட்டுச் சுருங்குவதை அறிவீர்கள். உப்புச் செறிந்த பக்கத்தை நோக்கி நீர் செல்லும் இவ்வியல்பே பிரசாரணம் எனப்படும்.

கன்றின் குருதி ஏறக்குறைய 0.9 சதவீத உப்புநீருக்கு ஒப்பானது. அச்செறிவைக் காப்பதிற் சிறுநீரகத்துக்கே பெரும்பங்குண்டு. வெயிலில் நெடுநேரம் நீரின்றி நின்ற கன்று ஒரே முறையில் வயிறுமுட்டக் குடிப்பின், மிகைநீரைச் சிறுநீரகம் கழிக்குமுன் குருதி நீர்த்துவிடும். செங்குருதிக் கலங்கள் அந்நீரை ஏற்றுப் பருத்து வெடிக்கும், சிறுநீர் செந்நிறமாகும். மூளைக் கலங்களும் வீங்குவதாற் கன்று தள்ளாடும், வலிப்புற்று இறக்கவுங்கூடும். இதனைக் கண்ணூறு என்று நூல் கட்டுவதாற் பயனில்லை.

ஆகவே, நீரைச் சிறிது சிறிதாக இடைவிட்டுக் கொடுங்கள். கடல்நீர் மிகுதியாகக் கலந்த களப்புநீரும் உதவாது. கடல்நீரில் உப்பு ஏறக்குறைய 3.5 சதவீதம். அதைக் கழிக்க உடலிலுள்ள நன்னீரே செலவாகும். செந்நிறச் சிறுநீர் கண்டால் உடனே மிருக வைத்தியரை அழையுங்கள். உண்ணிக் காய்ச்சலிலும் அந்நிறம் தோன்றும்.