கடல் துக்கத்தைக் கொண்டுபோகுமா?

அப்பாவோ அம்மாவோ போன வீட்டில், கருமாதி முடிந்து உறவுகள் பஸ் ஏறியதும் யாராவது ஒரு பெரியவர் சொல்வார்: "மணமேல்குடிப் பக்கம் போயி கொஞ்சம் கடக்காத்து வாங்கிட்டு வாப்பா, மனசு லேசாகும்." நல்ல யோசனைதான். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் சில நம்பிக்கைகள்தான் இடிக்கின்றன.

நம்பிக்கை: கடல் காற்றில் ஓசோன் இருக்கிறது, அதுதான் மனதை ஆற்றுகிறது.

இது 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவிய கதை. கடற்கரையில் நாம் முகரும் வாசனைக்குப் பெரும் காரணம் டைமெத்தில் சல்பைடு என்ற வாயு. கடலின் நுண்பாசிகள் விடும் ஒரு பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அது உண்டாகிறது. ஓசோனை நிறைய சுவாசித்தால் நுரையீரலுக்குக் கெடுதிதான். அப்படியானால் மனசு லேசாவது பொய்யா? இல்லை. கால் நடக்கிறது, அழுகை கேட்ட அறையை விட்டு வெளியே வந்திருக்கிறோம், கேள்வி கேட்க ஆளில்லை. 2019இல் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரை வைத்து வெளியான ஓர் ஆய்வில், வாரம் 2 மணி நேரமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்களில் கூடுதலானோர் உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அதில் பூங்கா, காடு, கடற்கரை எல்லாமே அடக்கம். அது துக்கத்தை அளந்த ஆய்வும் அல்ல. ஆகவே கடலுக்குப் போக வசதியில்லாத அறந்தாங்கிக்காரர் கண்மாய்க் கரையில் நடந்தாலும் குறைந்துபோய்விடாது.

நம்பிக்கை: பேரலை அடிக்கும் கடல் முன்னால் நின்றால்தான் பாரம் இறங்கும்.

அப்படியென்றால் புதுக்கோட்டைக்காரர்களுக்குக் கொடுப்பினை இல்லை. நம் மாவட்டத்தின் சுமார் 40 கி.மீ. கரை பாக் விரிகுடாவில் இருக்கிறது. ஆழம் குறைந்த, இலங்கையின் மறைவில் கிடக்கும் கடல். பெரும்பாலான நாட்களில் அலை சிறிதுதான். மீமிசலுக்கு அருகே முத்துக்குடாவில் அலையாத்திக் காடும் சேறும். சினிமாவில் பார்க்கும் கடற்கரை இது அல்ல, நடப்பதற்கு ஒரு குறையும் இல்லை. ஒன்றே ஒன்று: அமைதியாக இருக்கிறதே என்று தெரியாத சேற்றில் இறங்காதீர்கள். ஊர்க்காரர்கள் நடக்கும் தடத்திலேயே நடங்கள்.

நம்பிக்கை: துக்கத்துக்கு ஐந்து படிகள், ஒவ்வொன்றாக ஏறி முடித்தால் தீர்ந்துவிடும்.

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. இந்தப் பட்டியலை 1969இல் எழுதியவர் எலிசபெத் கூப்ளர் ராஸ். அவர் பேசியது மரணத்தை எதிர்நோக்கிக் கிடந்த நோயாளிகளிடம். அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைகளிடம் அல்ல. "எனக்கு இன்னும் கோபமே வரலையே" என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

நம்பிக்கை: போனவரை மறந்தால்தான் மீள முடியும்.

எல்லாவற்றிலும் அதிகம் புண்படுத்துவது இதுதான் என்பேன். மேலை உளவியலும் வெகுகாலம் ஏறக்குறைய இதையே சொன்னது. 1996இல் ஆய்வாளர்கள் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் மூவரும் தொகுத்த நூல் அதை மறுத்தது: இறந்தவரோடு உறவு வேறு வடிவில் தொடர்வது இயல்பு. 1999இல் ஸ்ட்ரோப், ஷூட் இருவரும் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: மனிதர்கள் துக்கத்துக்குள் போவதும் அன்றாட வேலைக்குத் திரும்புவதுமாக மாறி மாறித்தான் தேறுகிறார்கள். ஆடி, தை அமாவாசைகளில் மணமேல்குடி கோடியக்கரைக்குப் போய்ப் பாருங்கள். எள்ளும் தண்ணீரும் இறைத்து, தாத்தா பாட்டி பெயர்களைச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படையல் போட்டுச் சாப்பிடுகிறார்கள். நினைப்பதற்கு ஒரு நாள், மற்ற நாட்களில் பிழைப்பு. புத்தகம் பின்னால் சொன்னதை நம்மவர்கள் முன்பே வழக்கமாக வைத்திருந்தார்கள். தர்ப்பணத்தில் நம்பிக்கை இல்லாதவர் அம்மாவோடு மனசுக்குள் பேசிக்கொண்டே கரையில் நடக்கலாம். அது பைத்தியம் அல்ல.

நம்பிக்கை: கடல் எல்லோருக்கும் ஆறுதல் தரும்.

கோட்டைப்பட்டினத்திலோ ஜெகதாப்பட்டினத்திலோ இதைச் சத்தமாகச் சொல்லிவிட முடியாது. அவை விசைப்படகுத் துறைகள். தொழிலுக்குப் போன அப்பா திரும்பாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தண்ணீர் வேறு. உடலும் கிடைக்காவிட்டால் திதி எந்த நாள் என்பதே கேள்வி. 7 ஆண்டுகள் தகவல் இல்லாத பிறகே இறந்ததாகக் கொள்வது பொதுச் சட்டம். அந்தப் பிள்ளையைக் கூட்டிப்போவதென்றால் கடலுக்கு எதிர்த்திசையில் கூட்டிப்போங்கள்.

நடையால் தீராத துக்கமும் உண்டு. 6 மாதம் கடந்தும் வேலையும் உறக்கமும் திரும்பாமல், ஏக்கம் அப்படியே நாளெல்லாம் ஆட்டிவைத்தால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல் அதை நீடித்த துக்கக் கோளாறு என்று தனியாகக் குறிக்கிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ 6 மாதம் வரை காத்திருக்கவே கூடாது. மத்திய அரசின் டெலி மனஸ் எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.