பரங்கி விதையும் வெல்லப் பாகும்

தில்லிக் காய்கறிச் சந்தையில் 'சீதாபல்' என்று கேட்டால், மஞ்சள் சதையுள்ள பெரிய காய் ஒன்றிலிருந்து துண்டு அறுத்து நிறுத்துத் தருவார்கள். அதே சொல்லை மதுரைக் கடையில் சொன்னால் கைக்கு வருவது சீத்தாப்பழம். தில்லியில் அப்பழத்திற்கு 'ஷரீஃபா' என்று பெயர்.

தமிழ்நாட்டிற்குள்ளும் இக்காய்க்கு ஒரே பெயர் இல்லை. சென்னையிலும் தஞ்சையிலும் அது பரங்கிக்காய், கோவைப் பக்கம் அரசாணிக்காய், நெல்லையில் பூசணிக்காய். சென்னையில் பூசணி என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது, தோலின் மேல் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும் வெண்பூசணி. ஆக்ராவின் 'பேட்டா' என்னும் இனிப்பு அதிலிருந்துதான் செய்யப்படுகிறது. ஆகவே, ஊரிலுள்ள பாட்டியிடம் இதைப் பற்றிப் பேசும் முன்னர், அவர் வீட்டில் எப்பெயர் வழங்குகிறது என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இப்பாடத்தில் பரங்கி என்றே சொல்வோம். இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். ஐரோப்பியரை நம் முன்னோர் பரங்கியர் என்று அழைத்தனர். அவர்கள் பெயர் இக்காயோடு ஒட்டிக்கொண்டது.

பரங்கியின் சதை கூட்டுக்கும் குழம்புக்கும் போகிறது. விதையோ பெரும்பாலான வீடுகளில் குப்பைக்குப் போகிறது. வட இந்தியர் இதில் நம்மைவிடச் சிக்கனமானவர்கள். தண்டாயில் அரைத்துச் சேர்க்கும் 'சார் மகஜ்' என்ற நான்கு விதைகளுள் பரங்கி விதையும் ஒன்று. மற்றவை தர்பூசணி, முலாம்பழம், வெள்ளரி ஆகியவற்றின் விதைகள்.

நன்கு முற்றிய பரங்கியை அம்மா அரியும்போது, நடுவிலுள்ள நாரையும் விதையையும் ஒரு பாத்திரத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீர் ஊற்றிக் கையால் பிசைந்தால் நார் பிரியும், விதைகள் மிதக்கும். அவற்றை அரித்தெடுத்து இரண்டு மூன்று முறை அலசி, தட்டில் பரப்பி வெயிலில் உலர்த்துங்கள். செய்தித்தாளில் பரப்பினால் வழவழப்பான விதை தாளோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு தாளையும் சேர்த்துத் தின்ன வேண்டியதுதான். நல்ல வெயிலானால் ஒரு நாள் போதும். தில்லியின் பனிக்காலத்தில் இரண்டு மூன்று நாள் ஆகலாம்.

உலர்ந்த விதை ஒரு கோப்பைக்கு, பொடித்த வெல்லம் கால் கோப்பை, நெய் ஒரு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, சீரகப்பொடியும் சுக்குப்பொடியும் கால் தேக்கரண்டி வீதம், உப்பு ஒரு சிட்டிகை தேவை. அடி கனத்த வாணலியில் எண்ணெய் எதுவும் விடாமல் விதையை இட்டு, சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். பத்து நிமிடத்திற்குள் விதைகள் சற்றே உப்பி, ஒன்றிரண்டு படபடவென்று துள்ளும். பொன்னிறம் வந்ததும் வேறு தட்டிற்கு மாற்றிவிடுங்கள். அடுப்பை அணைத்த பின்னும் வாணலியின் சூடு உடனே தணியாது. அதிலேயே விட்டால் விதை கருகிக் கசக்கும்.

அதே வாணலியில் நெய்யும் வெல்லமும் ஒரு மேசைக்கரண்டி நீரும் சேர்த்தால் வெல்லம் உருகிப் பாகாகி நுரைக்கும். இனிமேல் செய்பவை பெரியவர் ஒருவர் அருகில் நிற்கும்போதே செய்ய வேண்டியவை. கொதிக்கும் பாகு தோலில் பட்டால் வெந்நீரைப் போல வழிந்தோடாமல் ஒட்டிக்கொண்டு சுடும். பாகில் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டுப் பாருங்கள். அது கரைந்தாலோ இளகி நின்றாலோ பதம் வரவில்லை. எடுத்து உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று ஒலிக்க வேண்டும். கடலை உருண்டைக்கும் இதே பதந்தான். உடனே அடுப்பை அணைத்து, அதன் பிறகே மிளகாய்த்தூளையும் மற்றப் பொடிகளையும் உப்பையும் சேர்க்க வேண்டும். தீ எரியும்போது மிளகாய்த்தூளை இட்டால் நெடி ஏறி வீடு முழுவதும் இருமும். விதையைக் கொட்டி விரைவாகப் புரட்டி, நெய் தடவிய தட்டில் பரப்பி, சூடு இருக்கும்போதே கரண்டியால் பிரித்துவிடுங்கள். நன்றாக ஆறிய பின் காற்றுப் புகாத டப்பாவில் இடலாம். மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்தால் வெல்லம் ஈரத்தை இழுத்து, விதை நமத்துப்போகும். தடித்த ஓடுள்ள விதையாயின் கடித்து உடைத்து, உள்ளிருக்கும் பச்சைப் பருப்பைத் தின்னலாம்.

செய்து முடித்த பின் பாட்டியிடம் சொல்ல வேண்டுமல்லவா? வெளியூரில் வளரும் நம் பிள்ளைகள் பலர் "விதையை ரோஸ்ட் பண்ணினேன், பாட்டி" என்று சொல்லிவிடுகின்றனர். பாட்டிக்கு அது பாதிதான் விளங்கும். "வறுத்தாயா, பொரித்தாயா?" என்று அவர் கேட்பார். அக்கேள்விக்கு விடை தெரியாமல் சமைப்பது ஆபத்தும்கூட. வறுக்கச் சொன்ன விதையை, ஈரம் போகாத நிலையில் கொதிக்கும் எண்ணெயில் பொரிக்கப் போனால் அது வெடித்துத் தெறிக்கும்.

இந்தியில் 'பூன்னா' என்ற ஒரு வினை பல வேலைகளைச் செய்கிறது. கடலையைப் பூன்னா என்றால் வறுத்தல்; கத்தரிக்காயை நெருப்பில் பூன்னா என்றால் சுடுதல்; மசாலாவைப் பூன்னா என்றால் வதக்குதல். இந்தி பேசுபவர்க்கு எதைச் செய்வது என்பது பொருளின் பெயரிலிருந்தே விளங்கிவிடும். தமிழில் அவ்வேறுபாட்டை வினையே சொல்லிவிடுகிறது. வாழையிலையை அனலில் காட்டினால் அது வாட்டுதல். அப்பளத்தை எண்ணெயில் இட்டால் பொரித்தல், தணலில் இட்டால் சுடுதல். முட்டையிலிருந்து குஞ்சு வெளிவருவதையும் பொரித்தல் என்றே சொல்கிறோம். ஏன் என்று வகுப்பில் பேசிப் பாருங்கள்.

இலக்கணம் அறிவோம்

வெல்லம் தானே உருகுகிறது. நாம் அதை உருக்குகிறோம். முதலாவது தன்வினை, இரண்டாவது பிறவினை. விதை உலர்ந்தது, அக்கா விதையை உலர்த்தினாள். பால் ஆறியது, அப்பா பாலை ஆற்றினார். "வெல்லத்தை உருகினேன்", "துணியைக் காய்ந்தேன்" என்பன நம் மாணவர் ஏடுகளில் அடிக்கடி காணும் பிழைகள். துணி காய்ந்தது, அதை நாம் காயவைத்தோம்.

சொற்பொருள்

பதம் – தக்க பக்குவம்
தணல் – சுவாலை இல்லாத நெருப்பு
நெடி – மூக்கில் ஏறும் காரமான வாடை
நமத்தல் – ஈரத்தால் மொறுமொறுப்பை இழத்தல்

பயிற்சி

1. விதையைச் செய்தித்தாளில் பரப்பக் கூடாது, ஏன்?
2. மிளகாய்த்தூளை எப்போது சேர்க்க வேண்டும்? முன்னரே சேர்த்தால் என்ன நேரும்?
3. வாடு, உருள், திரும்பு – இவற்றின் பிறவினை வடிவங்களை வாக்கியத்தில் அமைத்து எழுதுக.
4. பொருத்தமான வினையால் நிரப்புக: வெங்காயத்தை எண்ணெயில் ______. ரவையை வெறும் வாணலியில் ______. வடையை எண்ணெயில் ______.
5. உங்கள் பாட்டியிடமோ ஊரிலுள்ள வேறு உறவினரிடமோ பேசி, அவர்கள் வீட்டில் பரங்கிக்கு வழங்கும் பெயரையும், அதன் விதையை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே பத்து வரிகள் எழுதுக.